பங்குனித் தண்ணீர்

திருப்பூர்
20.1.2008

தங்கதுரை தம்பிக்கு,

ஒச்சம்மாள் எழுதுவது. என்னை உங்களுக்குத் தெரியாது. இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் விலாசத்தை வாங்கிக் கொடுத்தது பக்கத்து வீட்டு நதியா. உங்கள் எழுத்தைப் படித்த ஒரு அம்மா தபாலில் எழுத ஆசைப்படுகிறார் என்று பிரௌசிங் சென்டரில் இருந்து கேட்டாளாம். நீங்களும் உடனே கொடுத்துவிட்டீர்கள். ஆசை என்று அவள் போட்டது தப்பு. உள்ளதைச் சொன்னால் கொடுக்க மாட்டீர்களோ என்று பயந்துவிட்டாள்.

எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பதினாலு வருடமாக இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பீஸைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்டது இருந்தால் தனியே எடுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரர் இல்லை. ஒரே பையன் முனீஸ். டைலர். இருபத்து நாலு வயது. போன தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், உடுமலைக்கு அந்தப்பக்கம் மஞ்சனப்பாறை ஓடையில் அவனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மறுநாள்தான் கிடைத்தான்.

அவன் கழற்றி வைத்த சட்டையைக் கூடப் போன பையன்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். சட்டைப் பையில், பனியன் போடுகிற பாலிதீன் கவருக்குள், நீங்கள் கம்ப்யூட்டரில் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து மடித்து வைத்திருந்தான். நனையவே இல்லை. “ஆள் அரவமே இல்லாத இடம். முழங்கால் அளவுதான் தண்ணீர். குழந்தைகளோடு நாள் முழுக்கக் கிடக்கலாம், பயமே வேண்டாம்” என்று போட்டிருக்கிறீர்கள். எழுத்துக் கூட்டி எத்தனையோ தடவை படித்துவிட்டேன்.

குடித்துவிட்டு விழுந்தான் என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். நாங்கள் குடியிருக்கிற லைன் வீட்டுக்காரம்மா மருதாள் துக்கம் கேட்க வந்த இடத்திலேயே, “ஏனுங்க ஒச்சம்மா, பையன் போட்டிருந்தானாமா? தீபாவளின்னா பசங்களுக்கு அதுதானுங்களே” என்றார். அவன் அப்பா குடித்தே போனவர். அந்த வாடை வந்தால் முனீஸ் எழுந்து வெளியே போய்விடுவான். நான் சொன்னால், பெத்தவ அப்படித்தான் சொல்லுவா என்கிறார்கள்.

என் பையன் புத்தி கெட்டுப் போனானா, உங்களை நம்பிப் போனானா, எனக்கு அது தெரிய வேண்டும். மூன்று கேட்கிறேன். நீங்கள் போனது எந்த மாதம்? அங்கே எவ்வளவு நேரம் இருந்தீர்கள்? தண்ணீரில் இறங்கினீர்களா?

சண்டைக்கு எழுதவில்லை தம்பி. பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒச்சம்மாள்
முனீஸ் அம்மா


சென்னை
29.1.2008

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்து ஐந்து நாளாகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன். உங்கள் மகனுக்கு நேர்ந்ததை அறிந்து மிகவும் வருந்துகிறேன்.

நான் ஒரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். விடுமுறைகளில் ஊர் சுற்றி, பார்த்ததைப் பொழுதுபோக்காக என் வலைப்பதிவில் எழுதுகிறேன். யாராவது அதைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள் என்று நினைத்து எழுதியதில்லை. மஞ்சனப்பாறைக்குப் போனது சென்ற ஆண்டு மார்ச் மாதம். ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை மணி நேரம் இருந்திருப்பேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அந்தக் கட்டுரையை அடியோடு அழித்துவிட்டேன். இனி அது யார் கண்ணிலும் படாது. தயவுசெய்து உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தங்கதுரை


திருப்பூர்
10.2.2008

தங்கதுரை தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பதில் போட்டதற்கு நல்லா இருங்கள். ஆனால் மூன்று கேட்டேன், இரண்டுக்குத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

கடிதத்தை நதியாதான் படித்துக் காட்டினாள். அழித்துவிட்டேன் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள்.

அந்த எழுத்தைக் கண்டுபிடித்து முனீஸுக்குக் காட்டியதே அவள்தானாம். உங்கள் எழுத்துக்குக் கீழே படிக்கிறவர்கள் ஏதாவது கேட்கலாமாமே. முனீஸ் சொல்லச் சொல்ல இவள் அடித்திருக்கிறாள். “அண்ணா, எங்க அம்மாவுக்கு முழங்கால் வலி. பாறையில பிடிச்சு இறங்க ஏதாவது இருக்கா? அம்மாவைக் கூட்டிட்டு வரலாமா? முனீஸ், திருப்பூர்.” இப்படி.

தம்பி, இது எனக்குத் தெரியாது. நான் அவனை எப்போதும் குத்திக் காட்டுவேன். பதினாலு வருசத்துல காதர்பேட்டைக் கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும்தான்டா எனக்குக் காட்டியிருக்க என்பேன். அன்றைக்குக் காலையில் அவன் கிளம்பும்போது, “நல்ல நாளும் அதுவுமா என்னைய ஒத்தையில விட்டுட்டு ஊர் சுத்தப் போறியாக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “யம்மா, சாயந்திரம் வந்து உனக்கு ஒரு சேதி சொல்றேன், இப்ப சோத்த வை” என்றான். நான் வைக்கவில்லை. வாசலில் துணி துவைத்துக்கொண்டே இருந்தேன். அவனே போட்டுத் தின்றுவிட்டுப் போனான். முதலில் தான் போய்ப் பார்ப்பது, என்னால் இறங்க முடியும் என்றால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போவது என்று நதியாவிடம் சொல்லியிருக்கிறான்.

அவன் கேட்டது அங்கே இருந்தது. அதையும் சேர்த்து அழித்துவிட்டீர்கள். பிரிண்ட் எடுத்தபோது முதல் பக்கம் மட்டும் எடுத்திருக்கிறான். அவன் எழுத்து என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை. கம்பெனியில் கையெழுத்துப் போட்ட அட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். திரும்பக் கொண்டுவர முடியுமா தம்பி? நதியா முடியும் என்கிறாள். உங்கள் கையில்தான் இருக்கிறதாம்.

இன்னொன்று. எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தவர்களின் ஆள் சரக்கைப் பார்க்க வருவார். நூறு பெட்டி இருந்தால் நாலு பெட்டியைப் பிரிப்பார். அவர் பிரிக்கப்போகிற பெட்டியில் மேலே நல்ல பீஸாக அடுக்கி வைத்திருப்பார்கள். அவர் அதைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால் மொத்தமும் கப்பலேறிவிடும். உங்களுக்கும் யாரோ மேலே நல்லதை அடுக்கிக் காட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அது யார் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒச்சம்மாள்


சென்னை
24.2.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டுரையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். முனீஸ் கேட்ட கேள்வியும் அதன் கீழே பழையபடி இருக்கிறது. நதியாவை அழைத்துப்போய்ப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட மூன்றாவதற்குப் பதில் இது. நான் தண்ணீரில் இறங்கவில்லை. புது ஷூ போட்டிருந்தேன், கழற்றச் சோம்பலாக இருந்தது. மேல்பாறையில் நின்று பார்த்ததோடு சரி. முழங்கால் அளவு என்பது, பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெரியாத்தாள் என்ற அம்மா சொன்னது. “முட்டிக்குக் கூட வராதுங்க தம்பி, எம்பட பேரன் அங்கயேதான் கெடப்பான்” என்றார். அதையே நான் இறங்கிப் பார்த்தது போல எழுதினேன்.

அன்று எனக்கு மனம் நன்றாக இருந்தது. நான் வேண்டிக் காத்திருந்த வேலை முந்தின நாள்தான் கிடைத்திருந்தது. இஞ்சி டீ நன்றாக இருந்தது. நாலு மணி வெயிலில் பாறை மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு வாரம் கழித்துச் சென்னையில் உட்கார்ந்து எழுதும்போது இவைதான் நினைவில் இருந்தன. அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.

முனீஸ் கேட்டதற்கு அடியில் நான் போட்டிருக்கும் பதிலையும் நீங்கள் பார்ப்பீர்கள். “தாராளமாக அழைத்துச் செல்லுங்கள் நண்பரே.” அன்று இருபது பேருக்கு வரிசையாகப் பதில் போட்டேன். அவர் என்ன கேட்டார் என்று படித்தேனா என்பதே எனக்கு நினைவில்லை.

யார் அடுக்கிக் காட்டியது என்று கேட்டிருக்கிறீர்கள். அதை எழுதத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது. ஓடைக்கு இறங்குகிற இடத்தில் ஒரு பலகை நின்றது. துருப்பிடித்து, ஒரு பக்கம் சாய்ந்து. நான் எடுத்த படத்தின் ஓரத்தில் அது விழுந்திருந்தது. படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். நேற்று வெட்டாத படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மழைக் காலத்தில் மலைமேல் பெய்தால் திடீரென்று வெள்ளம் வரும், இறங்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. பாதி எழுத்து போயிருந்தாலும் படிக்க முடிகிறது.

அடுக்கிக் காட்டியது நான்தான் அம்மா.

நேரில் வந்து உங்களைப் பார்க்க அனுமதி கொடுங்கள். நான் என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், அப்படியே எழுதுகிறேன்.

தங்கதுரை


திருப்பூர்
9.3.2008

தங்கதுரை தம்பிக்கு,

நதியாவோடு போய்ப் பார்த்தேன். முனீஸ், திருப்பூர் என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். தொடாதீங்கக்கா என்றான் சென்டர்க்காரன். நதியா அவனைப் பார்த்த பார்வையில் பேசாமல் போய்விட்டான்.

நேரில் வர வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் நான் என்ன சொல்லுவேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரியப்போவதும் இல்லை. அதற்காக மனசு ஆறிவிட்டது என்று பொய் எழுத முடியாது.

அன்றைக்கு நடந்ததைக் கூடப் போன பையன்களிடம் மறுபடி கேட்டேன். பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். சுள்ளென்று வெயில். நீங்கள் எழுதியபடியே முழங்கால் தண்ணீர்தான். மலைமேல் மட்டும் கருக்கலாக இருந்ததாம். கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்றுவிட்டு எல்லோரும் பாறையில் படுத்திருக்கிறார்கள். முனீஸ் மட்டும் ஒவ்வொரு அடியாகக் கால் வைத்து இறங்குவதும், எங்கே பிடிக்கலாம் என்று கையை வைத்துப் பார்ப்பதும், திரும்ப ஏறுவதுமாக இருந்தானாம். “என்னடா அளந்துக்கிட்டே இருக்க, கட்டிங் மாஸ்டர் ஆயிட்டியா?” என்று கேலி பண்ணியிருக்கிறார்கள். “ஒரு ஆளு வருது, அதுக்குத்தான் பாக்குறேன்” என்றானாம். “ஓகோ, நதியாவா?” என்று சிரித்தார்களாம். அவனும் சிரித்திருக்கிறான். அப்போது சத்தம் கேட்டிருக்கிறது. திரும்புவதற்குள் செம்மண் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த ஆள் நான்தான் தம்பி. என் காலுக்கு இடம் பார்க்கத்தான் இறங்கியிருக்கிறான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவன் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். உங்களை மட்டும் எப்படிச் சொல்லுவேன்.

நீங்கள் சொன்ன பலகையைப் பற்றியும் கேட்டேன். பலகையே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். அதற்குள் விழுந்திருக்கும். அப்படியென்றால் அந்த எழுத்து உங்கள் போட்டோவில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். வெட்டாத போட்டோவைப் போடுங்கள். நீங்கள் போனது பங்குனி மாதம் என்று போடுங்கள். பனியன் கம்பெனிக்காரர்களுக்கு விடுகிற பெரிய லீவே தீபாவளிக்குத்தான், அது மழைக்காலம். பங்குனியில் ஷிப்மென்ட் என்றால் எங்களை ஒண்ணுக்குப் போகவே விட மாட்டார்கள். நீங்கள் பார்த்த தண்ணீரை நாங்கள் ஒரு நாளும் பார்க்க முடியாது. அதை எழுதுங்கள். முனீஸ் குடிக்கவில்லை, அம்மாவுக்கு இடம் பார்க்க இறங்கினான் என்று பேர் போட்டு எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. அவன் கேட்டானே, பிடித்து இறங்க ஏதாவது இருக்கா என்று. அதற்குச் சரியான பதில் போடுங்கள். இப்போது வேண்டாம். ஐப்பசியில், எங்கள் லீவு நாளில், நீங்களே போய் இருந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு மணி நேரம் பார்த்தால் போதாது.

இப்படிக்கு,
ஒச்சம்மாள்


சென்னை
2.11.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னவற்றை மார்ச் மாதமே எழுதிவிட்டேன். படத்தையும் வெட்டாமல் போட்டேன். பதிலை மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன். தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் மஞ்சனப்பாறையில் இருந்தேன். காலையில் போய் இருட்டும் நேரத்தில் உடுமலைக்குத் திரும்பிவிடுவேன்.

பெரியாத்தாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நடந்ததைச் சொன்னேன். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். “அந்தப் பையன் என்ர கடையிலதானுங்க தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனான்” என்றார். முழங்கால் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க பங்குனில வந்து கேட்டீங்க, நான் பங்குனித் தண்ணியச் சொன்னனுங்க. ஐப்பசியக் கேட்டீங்களா?” என்றார். நான் கேட்கவில்லை அம்மா.

இரண்டாம் நாள் பெருமாநல்லூரிலிருந்து ஒரு வேன் வந்தது. பனியன் கம்பெனிப் பையன்கள் பதினொரு பேர். ஒருவர் கையில் பிரிண்ட் எடுத்த தாள் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். என்னுடைய பழைய எழுத்து, வரி மாறாமல். யாரோ எடுத்துத் தன் பக்கத்தில் தன் பெயரில் போட்டிருக்கிறார். இதை எழுதியவன் நான்தான், இறங்காதீர்கள் என்றேன். “எழுதுனவரே வேண்டாங்கறாரு. அப்பறம் என்ன மசுத்துக்கு எழுதுனாராமா?” என்றார் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். நான் முனீஸைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே மேல்பாறையில் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டார்கள்.

மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் மேல் ஒரு தூறல்கூட இல்லை. சத்தம் கேட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பி, எழுந்து நிற்பதற்குள் கீழே இருந்த பாறைகள் எல்லாம் மறைந்துவிட்டன. என்னைக் கேலி செய்த பையன் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பலகை நின்ற இடத்தில் துருப்பிடித்த கம்பி மட்டும் இருக்கிறது. பெரியாத்தாள் கடைத் தகரம் ஒன்றைக் கேட்டேன். “அத ஊண்டுனா எனக்கு ஏவாரம் போயிருமுங்க” என்றார். சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். இறங்க வேண்டாம் என்று பெயிண்டில் எழுதிக் கம்பியில் கட்டியிருக்கிறேன்.

நேற்று முனீஸுக்குப் பதில் எழுதினேன். என்னால் இறங்கிப் பார்த்தே சொல்ல முடிந்தது. மூன்றாம் நாள் காலையில், மலை தெளிவாக இருந்தபோது, ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

தங்கதுரை


திருப்பூர்
16.11.2008

தங்கதுரை தம்பிக்கு,

கடிதம் வந்தது. முனீஸுக்கு வருடம் கும்பிட்டு ஒரு வாரம் ஆகிறது. அதனால்தான் உடனே எழுதவில்லை.

நீங்கள் எழுதியது முழுவதையும் நதியா பிரிண்ட் எடுத்துவந்து லைனில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். மருதாள் அம்மாவும் நின்றார். முடிந்த பிறகு, “தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க, ஒச்சம்மா” என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

நதியாவுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். தை மாதம் கல்யாணம். போக மாட்டேன் என்று ஒரு மாதமாக நின்றாள். நான்தான் போகச் சொன்னேன். அவள் போய்விட்டால் எனக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து காட்ட ஆள் இல்லை, உங்கள் கடிதத்தைப் படித்துச் சொல்லவும் ஆள் இல்லை. அதனால் இனி நீங்கள் எழுத வேண்டாம் தம்பி. கோபத்தில் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன், நீங்களும் சொல்லிவிட்டீர்கள். மலைத்தண்ணீரில் இறங்கியிருக்கிறீர்கள், சளி பிடித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று ஞாயிறு. கடைசியாக ஒரு தடவை என்று அவளோடு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். முனீஸ் கேட்டது இருந்தது. தாராளமாக என்று நீங்கள் முதலில் போட்டதை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே புதுசு. நதியாவைப் படிக்க விடாமல் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“முனீஸ், பிடித்து இறங்க ஒன்றும் இல்லை. பாறை வழுக்குகிறது. அம்மாவை அழைத்து வராதீர்கள். இடம் பார்க்க நீங்களும் வர வேண்டாம். அம்மாவோடு வீட்டில் இருங்கள்.”

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாமும் அடியில் ஒன்று போடலாமா என்று நதியாவைக் கேட்டேன். என்ன போட என்றாள். சொன்னேன். யார் பேரில் போடட்டும் அத்தை என்றாள். அவன் பேரிலேயே போடு என்றேன்.

இந்நேரம் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

“சரிங்கண்ணா, நான் போகலை. முனீஸ், திருப்பூர்.”

இப்படிக்கு,
ஒச்சம்மாள்